திறப்பதற்கே சாவி!



'சாவியின் பெருமை பூட்டுவதிலா, திறப்பதிலா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "சாவி என்ற சொல் பிறந்ததே பூட்டுவதற்காகத்தான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சரி, அந்தச் சொல்லோட ஜாதகத்தையே பார்த்துடுவோம்.

சாவி தமிழ்ச் சொல் இல்லை. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அவர் பின்னால் வந்த போர்ச்சுகீசியர் நம்ம வீட்டில் விட்டுப்போன சொற்கள் ஜன்னல், மேசை, அலமாரி. அந்த வரிசையில் சாவியும் ஒன்று. அவர்கள் மொழியில் 'சாவெ'. அதற்குத் தாய், ரோமாபுரியின் லத்தீனில் 'கிளாவிஸ்'. அந்தத் தாய்க்கு எத்தனை பிள்ளைகள் பாருங்க! பிரெஞ்சில் 'கிளே', இத்தாலியில் 'கியாவே', ஸ்பானிஷில் 'யாவே', ருமேனியாவில் 'கேயே'. முகம் வேறே, ரத்தம் ஒண்ணு.

எதிரணி சொன்னது பொய்யில்லை. மூடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் 'கிளாவிஸ்'ஸும் ஒரே வேரில் பிறந்தவைதான். போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் 'கான்கிளேவ்' என்றாலே சாவி போட்டுப் பூட்டிய அறை. 1268-ல் ஒரு போப்பாண்டவர் காலமானார். விட்டெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய மூணு வருஷம் பேசினாங்க! பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்க்காரங்க உள்ளே வச்சுப் பூட்டிட்டாங்க. 1271-ல் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274-ல் அதைச் சட்டமாகவே ஆக்கினார். மூன்று நாளில் முடியவில்லையா, வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம். மேலும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம். அவ்வளவுதான்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அந்தப் பூட்டு எதுக்கு? ஒரு முடிவு பிறந்து கதவு திறக்கணும்னுதானே! (கைதட்டல்)

இன்னொரு சேதி. கி.மு. 44-ல் சிசரோ, மார்க் ஆண்டனியைக் கிண்டல் செய்து எழுதினார். ஆண்டனி தன் காதலியான நடிகையை, மனைவியை விலக்குவதுபோலப் பழைய பன்னிரு பட்டயச் சட்டப்படி சாவியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினாராம். சாவியைப் பறித்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அப்படியானால், சாவியைக் கொடுத்தால்? "நீ இந்த வீட்டுக்காரி" என்று அர்த்தம்!

என் பாட்டி இடுப்பில் இருபது வருஷம் சாவிக்கொத்து தொங்கிச்சு. என் அம்மா அரிசி எடுக்கணும்னாகூடக் கேட்டு நிக்கணும். ஒரு பொங்கல் அன்று பாட்டி பேசாமல் அதை அவிழ்த்து அம்மா கையில் வச்சாங்க. அம்மா அன்று அழுததை இன்னும் மறக்கலைங்க. அன்னிக்குத் திறந்தது பெட்டி இல்லை, மாமியார் மனசு.

சாவி கப்பலேறி வந்தது. அதுக்கு முன்னாலேயே நம்ம முன்னோர் அந்தப் பொருளுக்கு வச்ச பேர் என்ன? பூட்டுகோல் இல்லை நடுவர் அவர்களே, திறவுகோல்! தீர்ப்பைத் தமிழே சொல்லிவிட்டது. (பலத்த கைதட்டல்)