திறந்த வாயிலும் அடைத்த வாயிலும்

உரிமை ஒருமுறை எய்தப்பெறின் என்றும் நிலைக்குமெனக் கருதுவார் பலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரம் அவ்வாறன்றெனக் காட்டுகின்றது.

நியூ ஜெர்ஸி மாகாணத்தின் 1776-ஆம் ஆண்டு அரசியற் சட்டம், 50 பவுன் பொருளுடைய குடிகள் யாவர்க்கும் வாக்குரிமை நல்கிற்று. மணந்த மகளிர்க்குத் தனிப்பொருளின்மையால், மணமாகா மகளிரும் கைம்பெண்டிருமே அதனாற் பயனெய்தினர். அடிமைத்தளை நீங்கிய கருநிறத்தாரும் வாக்களித்தனர். 1807-இல், தேர்தலிற் புரட்டு நிகழ்ந்ததெனக் காரணங்காட்டி, வரி செலுத்தும் வெள்ளை ஆடவர்க்கே அவ்வுரிமை உரியதெனச் சட்டசபையார் விதித்தனர். ஆங்கு இழந்ததனைக் கருநிற ஆடவர் மீளப்பெற்றது 1870-இல். மகளிர் பெற்றது 1920-இல்.

நியூயார்க்கிலும் இஃதே நிகழ்ந்தது. 1821-இற் கூடிய அரசியற் சட்ட மாநாட்டார், வெள்ளையர்க்கு நிலவுடைமை வேண்டுமென்னும் விதியை நீக்கினர். கருநிறத்தார்க்கோ 250 டாலர் மதிப்புள்ள நிலமின்றி வாக்கில்லையென்றனர். ஏழை வெள்ளையர்க்கு வாயில் திறந்த அவ்வவையே ஏழைக் கருநிறத்தார்க்கு அதனை அடைத்தது.

1828-இல் ஆண்ட்ரூ ஜாக்ஸன் பிரஸிடெண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, எளியோராட்சி வந்ததென மக்கள் ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்திடையே புறத்தே நின்றாரை நினைந்தார் சிலரே.

ஆதலின், ஒரு வகுப்பார் உரிமை பெறுங்கால், உள்ளே புகுந்தாரை எண்ணி மகிழ்தலோடு அமையாது, வெளியே நிறுத்தப்பட்டார் யாவரெனவும் வினவுதல் அறிவுடையோர் கடனென்பது நம் துணிபு.