குண்டின் எடையா, நீளமா? பழைய சித்தூர்க் காடுகள் முதல் ஆவடி வரை

துப்பாக்கிக் குண்டை எடை சொல்லித்தான் வேட்டைக்காரர்கள் குறிப்பிட்டார்கள்: 215 கிரெயின், 300 கிரெயின் என்று. ரைஃபிள் குழலின் உட்புறச் சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றை முடிக்கிறதோ, அதுவே அந்தக் குழலின் முறுக்கு. இந்த எடைக்கு இந்த முறுக்கு என்று சொல்வது பழகிப்போன வழக்கு. ஆனால் முறுக்கை நிர்ணயிப்பது எடையல்ல, நீளம். திருத்தணி வட்டாரத்தோடு உறவுள்ள ஆயுதங்களை வரிசையாகப் பார்த்தாலே இது தெளிவாகும்.

முதலில் எல்லையைப் பற்றி ஒரு சொல். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஆகவே இவ்வட்டாரத்தின் பழைய வேட்டைக் கதைகளைத் தேடுகிறவர் சித்தூர் மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டின் நரிக்குறவர்கள் கையாண்ட நாட்டுத் துப்பாக்கியின் குழலில் பள்ளமே கிடையாது. வாய்வழியே மருந்து கெட்டித்து, ரவை போட்டுச் சுடுவார்கள். ரவை உருண்டை. உருண்டைக்கு முன் ஏது, பின் ஏது? பறக்கும்போது தலைகுப்புறக் கவிழும் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொக்கு, குருவி, முயல் என்று கிட்டத்தில் கிடைக்கும் இரைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

குண்டு நீண்டபோதுதான் சிக்கல் வந்தது. நீண்ட குண்டின் மூக்கைக் காற்று புரட்டித் தள்ளப் பார்க்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, வேகமாகச் சுழலும் குண்டு அதை எதிர்த்து நிற்கும். நீளம் கூடினால் புரட்டும் விசை கூடும். சுழற்சியும் கூடியாக வேண்டும். இதற்கு என்னைப் பொறுத்தவரை மிகச் சிறந்த சான்று 1857 தருகிறது. கொழுப்புத் தோட்டாவால் நம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட என்ஃபீல்டு ரைஃபிளின் குழல்வாய் 0.577 அங்குலம், குண்டு 530 கிரெயின், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்த சோதனையில் அதைத் தோற்கடித்த விட்வொர்த் ரைஃபிளுக்கும் குண்டு 530 கிரெயின்தான். ஆனால் குழல்வாய் 0.451 அங்குலம். அதே ஈயம் ஒடுங்கிய குழலுக்காக நீண்டது. முறுக்கு 20 அங்குலத்துக்கு இறுகியது. எடை ஒரு கிரெயின்கூட மாறவில்லை.

இதைக் கணக்காக்கியவர் வூல்விச்சில் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில். 1879இல் அவர் வகுத்த விதி எளியது: குண்டின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். அந்தச் சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை.

.303 ரைஃபிளில் இதைப் போட்டுப் பார்க்கலாம். குண்டின் விட்டம் 0.311 அங்குலம், நீளம் சுமார் 1¼ அங்குலம். விடை 11.6 அங்குலம். குழலில் வெட்டப்பட்டதோ 10; தேவைக்குச் சற்றே இறுக்கம். 1910இல் 215 கிரெயின் மழுங்கல் மூக்குக் குண்டு போய் 174 கிரெயின் கூர்முனைக் குண்டு வந்தது. எடையே விதி என்றால் முறுக்கைத் தளர்த்தியிருக்க வேண்டும். தளர்த்தவில்லை. புதிய குண்டின் முனையில் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்ததால் எடைதான் குறைந்தது. நீளம் அப்படியே நின்றது.

இனிச் சித்தூர்க் காடு. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட முதல் நூலில், சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கும் திருத்தணியும் அன்று ஒரே மாவட்டம். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஆயுதம் .405 வின்செஸ்டர்: 300 கிரெயின் குண்டு, 14 அங்குல முறுக்கு. .303 குண்டைவிடக் கனமான குண்டு, ஆனாலும் தளர்ந்த முறுக்கு! குண்டு பருத்தது, நீளம் 1 அங்குலத்தை ஒட்டியதுதான் என்பதே காரணம். கிரீன்ஹில் கணக்குப்படி 25 அங்குல முறுக்கே அதற்குப் போதும். எடையை மட்டும் பார்த்து முறுக்கைத் தேர்ந்தவர் இங்கே முற்றிலும் தவறியிருப்பார்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டை முடிந்தது. முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. கணக்கு மட்டும் முடியவில்லை. திருத்தணியிலிருந்து சென்னை செல்லும் மின்சார ரயில் கடந்துபோகும் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் 120 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் உள்ளே சுருள் பள்ளம் உண்டு. அதன் வெடிகுண்டுக்குச் சுழற்சி வேண்டும். கவசம் துளைக்கும் அம்போ விட்டத்தைப் போலப் பல மடங்கு நீளமானது. எவ்வளவு சுழற்றினாலும் சுழற்சி அதை நிலைநிறுத்தாது. அதனால் அம்புக்கு வாலில் இறகு வைக்கிறார்கள். பள்ளத்தின் சுழற்சி அதற்கு ஏறாதபடி, அம்பைச் சுற்றியுள்ள வளையத்தை வழுக்கிச் சுழல விடுகிறார்கள்.