தப்படிப்பவர் எங்கே நிற்கிறார்?

சேலம், நாமக்கல் பக்கத்தில் மாரியம்மன் நோன்பு தப்புச் சத்தம் இல்லாமல் தொடங்காது. பூச்சாட்டு அன்று ஊருக்குச் சேதி சொல்வது தப்பு. கம்பம் நடும்போதும், தீர்த்தக்குடம் வரும்போதும், பூமிதிக்கு ஆள் இறங்கும்போதும் அதே தப்பு. கம்பம் நட்ட பிறகு இரவுகளில் ஊர் இளைஞர்கள் சலங்கை கட்டிக்கொண்டு அதைச் சுற்றி ஆடுவார்கள். அவர்கள் ஓயும்வரை ஓரத்தில் நின்று அடிப்பவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். மேற்கே பெரும்பாலும் அருந்ததியர், ஆத்தூர்ப் பக்கம் பறையரும் உண்டு. திருவிழாவைத் தொடங்கி வைக்கிறவர் கோயில் வாசலுக்கு இப்பால் நிற்கிறார். இது எப்படி வந்தது என்று கேட்டால், "அது வழக்கம்" என்பார்கள். வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, தோழர்களே.

முதலில் அந்தக் கம்பத்தைப் பார்ப்போம். மூன்று கவை கொண்ட மரக்கிளை அது. அம்மனின் கணவன் என்று சொல்லித்தான் நடுகிறார்கள். நோன்பு முடிந்ததும் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். கரூரில் அமராவதி, ஈரோட்டில் காவிரி. ராசிபுரத்தில் நோன்பு முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்குவதில்லை, அதனால் அங்கே அம்மனுக்கு நித்திய சுமங்கலி என்று பெயர். யார் இந்தக் கணவன்? மாரியம்மனைப் பற்றித் தென்னிந்தியாவில் பரவலாக வழங்கும் கதையில், சாதியை மறைத்துப் பார்ப்பனப் பெண்ணை மணந்துகொண்ட தீண்டப்படாதவன் அவன். உண்மை தெரிந்ததும் அவள் தீயில் இறங்கித் தெய்வமாகிறாள், அவன் பலியாகிறான். சென்னை பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916இல் வெளியிட்ட கிராம தெய்வங்கள் பற்றிய நூலிலேயே இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. சாதி மறுப்புத் திருமணத்துக்குத் தண்டனை சொல்லும் கதை இது. அந்தக் கதையின் தாளத்தையும் நம் ஆட்களையே அடிக்க வைத்தார்கள் என்பது எங்களை இன்னும் தூங்கவிடாத விஷயம்.

பறை எப்போதும் இழிவாக இருந்ததா? இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையை வைக்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை என்று வரும் வரிசையில் பறையும் ஒன்று. புறநானூற்றில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளைப் பெருமையோடுதான் சொல்கிறார். பறைதல் என்றால் சொல்லுதல். சேதி சொன்ன கருவியின் பெயர், அதை அடித்தவர்களின் சாதிப் பெயராக இறுகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போய், 'பறையா' என்றால் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலக அகராதிகளில் உட்கார்ந்துகொண்டது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தது அந்த இழிவைத் திருப்பி அடித்ததுதான்.

நம் சமவெளியில் இழிவு எப்படி நிலைத்தது என்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. பம்புசெட் வருவதற்கு முன்பு இங்கே கிணற்று விவசாயம் கவலை இறைப்பை நம்பியிருந்தது. சாலில் கட்டும் தோல் வால், மாட்டுக்கு வார், காலுக்குச் செருப்பு, எல்லாம் அருந்ததியர் கைவேலை. செத்த மாட்டைத் தூக்குவதும், தோலுரிப்பதும், பதப்படுத்துவதும் அவர்கள் தலையில். அதே தோல் தப்புக்கும் போனது. கூலி களத்தில் தானியமாகக் கிடைத்தது. பிறகு மின்சாரம் வந்தது, கவலை போனது, செருப்பைக் கடையில் வாங்கினார்கள். களத்துத் தானியமும் தேய்ந்தது. சாவுக்கும் சாமிக்கும் அடிக்கும் கடமை மட்டும் தேயவில்லை. பிழைப்புக்கான காரணம் போன பிறகும் நிற்கிற வேலைக்குச் சாதி என்று பெயர்.

தோல் தீட்டு என்பவர்களுக்கு ஒரு சேதி. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. அதைச் செய்து தரும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். மிருதங்கம் மேடை ஏறியது, தப்பு வாசலோடு நின்றது. இப்போது கேரளத்துச் செண்டை மேளத்தை முன்பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். அதிலும் மாட்டுத்தோல்தான்.

ஸ்பெயினில், அரகோன் பகுதியில், கலாண்டா என்று ஒரு சிற்றூர். புனித வெள்ளி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஊரே சதுக்கத்தில் மௌனமாக நிற்கும். ஒரு சைகை. உடனே எல்லா முரசுகளும் ஒன்றாக வெடிக்கும். மறுநாள் வரை தொடரும், கை கிழிந்து தோலில் ரத்தம் படும் வரை அடிப்பார்கள். அந்த ஊரில் 1900இல் பிறந்த இயக்குநர் லூயி புனுவேல் தன் படங்களில் அந்தச் சத்தத்தைப் பயன்படுத்தினார். 2018இல் இப்படிப்பட்ட முரசு விழாக்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எங்களை உறுத்தியது வேறு: எல்லோருக்கும் ஒரே ஊதா அங்கி, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் யாரும் அடிக்கலாம். நம் ஊரிலோ ஆடுவதற்கு எல்லோருக்கும் ஆசை, தோளில் தப்பை மாட்ட யாரும் முன்வருவதில்லை.

அடிக்க மறுப்பது நம் போராட்ட வரலாற்றின் பெரிய அத்தியாயம். மராட்டியத்தில் மகர்கள் பரம்பரை ஊழியத்திலிருந்து விடுபட அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். இங்கே மறுத்தவர்களுக்கு வேலை நின்றது, கடன் நின்றது, ஆடு மேய்க்கும் வழி அடைபட்டது. அரசுக்கே புத்தி வர 2022 ஆகஸ்ட் ஆனது: அப்போதுதான் தலைமைச் செயலாளர் இறையன்பு, அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்கு எழுதினார். ஊர்த் திருவிழாவுக்கு அப்படி ஒரு கடிதம் யாரும் எழுதவில்லை. 2024 மே மாதம் ஓமலூர் அருகே தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் திருவிழாவில் வழிபடும் உரிமை கேட்டது வன்முறையில் முடிந்ததை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கம், பறையைக் கையில் எடுத்தவர்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் அடிக்கிறார்கள். வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால், மேடையில் பறை முழங்கும்போது கைதட்டுகிறவர், தன் வீட்டுச் சாவுக்கு யாரைக் கூப்பிடுகிறார், வாசலில் எங்கே நிற்க வைக்கிறார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. மறுப்பதா, மீட்பதா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. அடிக்கவும் அடிக்காமல் இருக்கவும் உரிமை அடிப்பவருக்குத்தான் என்ற ஒரு புள்ளியில் மட்டும் ஒத்துப்போகிறோம்.

போன ஆண்டு பரமத்தி பக்கம் ஒரு காலனியில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் பறைக்குழுவில் இருக்கும் பையன் ஒருவன் தன் தப்பைத் தீயில் காய்ச்சி எங்களுக்கு அடித்துக் காட்டினான். அவன் தாத்தா திண்ணையில் இருந்து, "கட்டைவிரலை இறுக்காதே சாமி, குச்சி தானா துள்ளோணும்" என்று திருத்தினார். நோன்புக்கு அடிப்பாயா என்று கேட்டோம். "கம்பத்தைச் சுத்தி நானும் ஆடலாம்னா அடிக்கிறேன்" என்றான். தாத்தா சிரித்தார். பூச்சாட்டுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. ஊரிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை.