ராஜகோபாலின் இரண்டு டிசம்பர்கள்



புறப்பாடப் பொறுப்பு என்பது தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கேட்டுப் பெறுவதன்று. ஆண்டின் முதல் கூட்டத்தில் ஒட்டப்படும் பட்டியலில் தம் பெயரைத் தேடித் தெரிந்துகொள்வது. எனக்குக் காற்பந்துக் குழு அவ்வாறே வந்து சேர்ந்தது. எங்களுடையது சிறிய பள்ளி. ஓர் அணிக்கு ஆள் சேர்ப்பதற்கே நான்காம் ஆண்டு மாணவரையும் அழைக்க வேண்டியிருக்கும். காலணி அளவு பொருந்தாமல் இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளும் அவ்வணியில் உண்டு.

அவ்வாண்டின் முதல் ஆட்டத்தில் 0-6 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும், கோல் காவலனாக நின்ற மாணவனை மற்றவர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அடுத்த பயிற்சிக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த பயிற்சிக்கும் வரவில்லை. அவனுடைய தாயார் பள்ளி வாயிலில் என்னைக் கண்டு, "போதுங்க சார், இனி அவன் படிக்கட்டும்" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை.

அன்றிரவு நான் தேடிப் படித்தது ஒரு பழைய ஆட்ட அட்டவணை. நம் நாட்டுக் காற்பந்து வரலாற்றில் 2009, 2010 ஆகிய ஈராண்டுகளின் டிசம்பர் மாதங்கள் அதில் இருந்தன. அக்காலத்தில் தேசிய அணியின் பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். அவ்வெற்றிகளை நாம் அறிவோம். அவற்றுக்கு முன் நேர்ந்த தோல்விகளை மறந்துவிட்டோம். இக்கட்டுரை அத்தோல்விகளைப் பற்றியது.

அவர் பொறுப்பேற்ற காலம்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்குக் காற்பந்து புதிதன்று. தேசிய அணியின் கோல் காவலராக விளங்கி, 1988ஆம் ஆண்டு சாலை விபத்தில் மறைந்த ஆர். ஆறுமுகம் கிள்ளான் துறைமுகப் பகுதியைச் சேர்ந்தவர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக எம். சந்திரன் இருந்தார். அவ்வணி அமெரிக்காவை 3-0 என வென்றது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்றும் மொரோக்கோவிடம் 0-6 என்றும் தோற்றது. நாம் இன்றும் பெருமையோடு பேசும் அணியும் ஆறு கோல் வாங்கியிருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

ராஜகோபால் 1956ஆம் ஆண்டு கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பிறந்தவர். சிலாங்கூர் அணியின் தாக்குதல் ஆட்டக்காரராகப் பெயர் பெற்று, பின்னர் பயிற்றுநரானவர். 2009ஆம் ஆண்டில் அவர் தேசிய அணியை ஏற்றபோது அது நல்ல நிலையில் இல்லை. 2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை இணைந்து நடத்திய நான்கு நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. சொந்தத் திடலான புக்கிட் ஜாலிலிலேயே சீனாவிடம் 1-5, உஸ்பெக்கிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனத் தோற்றோம். மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 12, அடித்தது 1. தேசிய அணியைப் பற்றிப் பேசினாலே காப்பிக் கடைகளில் நகைப்பொலி எழுந்த காலம் அது.

முதல் டிசம்பர்: 2009

லாவோஸ் தலைநகர் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், 23 வயதுக்குட்பட்டோர் அணியோடு ராஜகோபால் சென்றார். காற்பந்தில் மலேசியா கடைசியாகத் தங்கம் வென்றது 1989இல், கோலாலம்பூரில். இடையில் 20 ஆண்டுகள் கடந்திருந்தன. 1993 முதல் 2007 வரை எட்டு முறை தொடர்ந்து தங்கம் வென்ற தாய்லாந்தும், வலிமை மிக்க வியட்நாமும் மலேசியா இருந்த அதே குழுவில் இருந்தன.

குழுநிலை ஆட்டத்தில் வியட்நாமிடம் மலேசியா 1-3 எனத் தோற்றது. ஆனால் தாய்லாந்தை 2-1 என வென்று, அதனைக் குழுநிலையிலேயே வெளியேற்றியது. அரையிறுதியில் லாவோஸை 3-1 என வென்றது. டிசம்பர் 17ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிரே நின்றது மீண்டும் வியட்நாம். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வியட்நாமியத் தற்காப்பு ஆட்டக்காரரின் காலில் பட்ட பந்து அவருடைய சொந்த வலைக்குள் புகுந்தது. 1-0 என்ற கணக்கில் தங்கம் நமக்குக் கிடைத்தது.

சொந்த கோலால் வந்த வெற்றியை நல்லூழ் என்று சொல்வோர் சொல்லலாம். ஆயினும் சில நாள்களுக்கு முன் மூன்று கோல் விட்டுக்கொடுத்த அதே எதிரணிக்கு இம்முறை ஒரு கோலும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இரண்டாம் டிசம்பர்: 2010

தென்கிழக்காசிய நாடுகளுக்கான கிண்ணப் போட்டி 1996ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் போட்டியிலேயே இறுதியாட்டம் வரை சென்று தாய்லாந்திடம் தோற்ற மலேசியா, அதன்பின் 14 ஆண்டுகளாகக் கிண்ணத்தைத் தொடவில்லை. 2010ஆம் ஆண்டு அப்போட்டி சுசுகி கிண்ணம் என்னும் பெயரில் நடந்தது. வியந்தியானில் தங்கம் வென்ற இளைஞர் பலரை ராஜகோபால் உடன் அழைத்துச் சென்றார். அணித்தலைவர் சஃபிக் ரஹிம் வயது 23. கோல் காவலர் கைருல் ஃபாமி வயது 21. நம்மவரான எஸ். குணாளனும் அவ்வணியில் இருந்தார்.

டிசம்பர் 1ஆம் நாள், ஜாகர்த்தாவில் முதல் ஆட்டம். இந்தோனேசியா 5, மலேசியா 1.

பள்ளி விடுமுறைக் காலமாதலால் அவ்வாட்டத்தை வீட்டில் அமர்ந்து பார்த்தேன். நான்காம் கோலுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். 'இவர்களால் ஆகாது' என்று சொல்லிக்கொண்டே எழுந்தது இன்றும் நினைவிருக்கிறது.

மூன்று நாள் கழித்துத் தாய்லாந்துடன் 0-0 எனச் சமன். டிசம்பர் 7ஆம் நாள் பாலெம்பாங்கில் லாவோஸை 5-1 என மலேசியா வென்றது. ஆனால் அது மட்டும் போதவில்லை. அதே வேளையில் ஜாகர்த்தாவில் தாய்லாந்து இந்தோனேசியாவை வென்றிருந்தால் நாம் ஊர் திரும்பியிருப்போம். பிற்பாதியில் தாய்லாந்து முதல் கோலை அடித்து முன்னிலையும் பெற்றது. முன்னரே தகுதி பெற்றுவிட்ட இந்தோனேசியாவுக்கு அவ்வாட்டத்தில் வென்றே தீர வேண்டிய தேவை இல்லை. இருந்தும் அது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இரண்டு பினால்டி கோல்களை அடித்து 2-1 என வென்றது. நேர்மையாக ஆடிய அந்த அணியின் தயவால் நாம் அரையிறுதிக்குச் சென்றோம்.

அரையிறுதியும் இறுதியும் இரண்டிரண்டு ஆட்டங்கள்: சொந்தத் திடலில் ஒன்று, எதிரணியின் திடலில் ஒன்று. இரண்டிலும் அடித்த கோல்கள் கூட்டிக் கணக்கிடப்படும். நடப்பு வெற்றியாளரான வியட்நாமை டிசம்பர் 15ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் 2-0 என வென்று, 18ஆம் நாள் ஹனோயில் 0-0 எனத் தாக்குப்பிடித்தனர் நம் இளைஞர்.

இறுதியில் எதிரே நின்றது, ஐந்து கோல் அடித்த அதே இந்தோனேசியா.

டிசம்பர் 26ஆம் நாள் நண்பர்களோடு பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் அவ்வாட்டத்தைப் பார்த்தேன். தோசைக்கல்லின் முன் நின்றவர்கூட அடுப்பைத் தணித்துவிட்டுத் திரைக்கு முன் வந்துவிட்டார். பிற்பாதியில் 12 நிமிட இடைவெளிக்குள் மூன்று கோல்கள்: 61ஆம் நிமிடம் சஃபி சாலி, 68ஆம் நிமிடம் அஷாரி, 73ஆம் நிமிடம் மீண்டும் சஃபி. 3-0. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில், முதற்பாதியில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த பினால்டியைக் கைருல் ஃபாமி பிடித்தார். பிற்பாதியில் சஃபி ஒரு கோல் அடித்தார். இந்தோனேசியா இரண்டு கோல் அடித்து அவ்வாட்டத்தை 2-1 என வென்ற போதிலும், கூட்டுக் கணக்கு 4-2. கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது.

டிசம்பர் 31ஆம் நாளைப் பிரதமர் பொது விடுமுறையாக அறிவித்தார். ஏற்கெனவே பள்ளி விடுமுறையில் இருந்த ஆசிரியர்களுக்கு அதனால் பயனொன்றும் இல்லை என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

எண்கள் காட்டுவன

இடைப்பட்ட நாள்களில் ராஜகோபால் தம் ஆட்டக்காரர்களிடம் பேசியவற்றை நான் இங்கே கற்பனை செய்து எழுதப் போவதில்லை. ஆட்ட முடிவுகளே போதுமான அளவு பேசுகின்றன.

முதலாவது, இத்தகைய போட்டிகளில் ஆட்டக்காரர் பட்டியல் முன்கூட்டியே பதிவு செய்யப்படும். தோற்ற மறுநாள் புதியவர்களை வரவழைக்க இயலாது. ஐந்து கோல் வாங்கிய பிள்ளைகளைக் கொண்டேதான் மீதிப் போட்டியை ஆட வேண்டும். நம் வகுப்பறையும் இத்தகையதே. ஜனவரியிலோ மார்ச்சிலோ நம்மிடம் ஒப்படைக்கப்படும் மாணவரே ஆண்டு முழுவதும் நம் மாணவர்.

இரண்டாவது, முதல் ஆட்டத்தில் வாங்கிய கோல்கள் 5. அடுத்த ஆறு ஆட்டங்களில் வாங்கியவை மொத்தம் 3. ஆடியவை தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், இந்தோனேசியா ஆகிய அணிகளுடன். அவற்றுள் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் விழவில்லை. தோல்விக்குப் பின் முதலில் சீரமைக்கப்பட்டது தற்காப்பு என்பதை இதிலிருந்து அறியலாம். 1-5 என்ற தோல்விக்கு மறுமொழி 5-1 என்ற வெற்றியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்லாந்துடன் எடுத்த 0-0 என்பதே முதல் மறுமொழி. விழுந்த பிள்ளை எழுந்து நிற்பதே முதல் படி. ஓடுவது அதன் பிறகு.

மூன்றாவது, அப்போட்டியில் அதிகக் கோல் அடித்தவர் சஃபி சாலி. மொத்தம் 5 கோல்கள். அவை அனைத்தும் அரையிறுதியிலும் இறுதியிலும் அடிக்கப்பட்டவை. முதல் மூன்று ஆட்டங்களில் அவர் பெயரில் ஒரு கோலும் இல்லை. மூன்று சோதனைகளில் புள்ளி எடுக்காத மாணவனை நாம் எந்த வரிசைக்கு அனுப்பியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். விடை எனக்கு உவப்பாக இல்லை.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று

இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. புக்கிட் ஜாலில் இறுதியாட்டத்தின்போது பார்வையாளர் பகுதியிலிருந்து சிலர் இந்தோனேசியக் கோல் காவலரின் முகத்தில் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சினர். இந்தோனேசிய அணியினர் முறையிட, ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. நம்முடைய மூன்று கோல்களும் அதன் பின்னரே வந்தன. ஆட்டக்காரர் செய்த பிழையன்று அது. ஆனால் நம்மைச் சேர்ந்தவர் செய்த பிழை. அதே இந்தோனேசியா, தேவையில்லாத ஆட்டத்திலும் முழு மனத்தோடு ஆடித் தாய்லாந்தை வென்றதால்தான் நாம் அந்த இறுதியாட்டத்துக்கே வந்தோம் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் வெட்கம் இன்னும் மிகும். வென்றவர் வரலாற்றில் இதனையும் சேர்த்துச் சொல்வதே கல்வி.

ராஜகோபாலின் பணி வெற்றியோடு முடியவில்லை. 2012ஆம் ஆண்டுப் போட்டியில் மலேசியா அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றது. 2013ஆம் ஆண்டோடு அவர் தேசிய அணியின் பொறுப்பிலிருந்து விலகினார். 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை சென்ற மலேசியா, 2024ஆம் ஆண்டுப் போட்டி வரை அக்கிண்ணத்தை மீண்டும் வென்றதில்லை.

மீண்டும் எங்கள் திடலில்

அட்டவணையைப் பார்த்த மறுநாள் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். கிள்ளானில் அடுக்குமாடி வீடு, நான்காம் மாடி, மின்தூக்கி பழுது. அவனிடம் நான் பேசிய முறை தவறு என்று அவனுடைய தாயாரின் முன்னிலையிலேயே சொன்னேன். ஆறு கோலும் அவன் ஒருவனுடையவை அல்ல, அவனைக் கடந்து செல்வதற்கு முன் பந்து மற்ற எல்லாரையும் கடந்தே வந்தது என்றேன். தாயார் தேநீர் தந்தார். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சிக்கு வந்தான்.

அடுத்த ஆட்டத்தில் 0-2 எனத் தோற்றோம். அதற்கடுத்ததில் 1-1. அவ்வாண்டு எங்களுக்குக் கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் முதல் ஆட்டத்துக்கு வந்த மாணவர் அனைவரும் கடைசி ஆட்டத்திலும் திடலில் நின்றனர்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். முதல் தோல்வி நாளன்று பிள்ளையைத் திடலிலிருந்து அழைத்துச் சென்றுவிடாதீர்கள்; இன்னும் இரண்டு ஆட்டங்கள் பொறுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. ஆட்டம் முடிந்த பத்து நிமிடங்களுக்குள் எந்தப் பிள்ளையைப் பற்றியும் எம்முடிவையும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், அதைத் திரும்பப் பெற நான்கு மாடி ஏற வேண்டியிருந்தது.