கக்குவான் ஊசி எதற்கு?



வல்லத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். மகளுக்கு ஏழாம் மாதம். "தனியார் டாக்டரம்மா கக்குவான் ஊசி போடச் சொல்றாங்க சார். நர்சம்மா ஏற்கெனவே ரெண்டு ஊசி போட்டாச்சே, இது எதுக்கு?" நியாயமான கேள்வி.

என் சின்ன வயதில் கக்குவானுக்குக் கழுதைப் பால்தான் மருந்து! 1978இல் முத்தடுப்பு ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது. ஆனால் பிள்ளைக்கு ஒன்றரை மாதத்தில்தான் முதல் ஊசி. அதுவரை காப்பு இல்லை. பச்சிளம் பிள்ளைக்குச் சில சமயம் இருமல்கூட வராது, மூச்சே நின்றுவிடலாம். இங்கிலாந்தில் 2012இல் 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரில்தான் அங்கே கர்ப்பிணிகளுக்குப் போடத் தொடங்கினார்கள். தாயின் எதிர்ப்பு சக்தி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய்விடுகிறது.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் டிடி ஊசி ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும். கக்குவானும் சேர்ந்த டிடாப் ஊசிக்குத் தனியாரிடம் காசு தரவேண்டும்.

ரண ஜன்னி ஊசியை நம் ஊரில் பெரும்பாலும் யாரும் மறுத்ததில்லை. காசில்லை, போடுபவர் தெரிந்த நர்சம்மா, மாமியாரும் போட்டுக்கொண்டவர். காசு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. இலவசமாகப் போடும் இங்கிலாந்திலேயே 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது 2023இல் 60க்குக் கீழே இறங்கிவிட்டது.

"27 வாரத்திலிருந்து 36க்குள் போடணும்மா, தள்ளிப் போடாதே. சம்பந்தி வீட்டில் கேட்டால் என் நம்பரைக் கொடு" என்றேன்.