தேயிலைப் பெட்டியின் கதை

என் இளமையில் திண்டிவனம், விழுப்புரம் வீடுகளில், தகர விளிம்பு அடித்த பழைய தேயிலைப் பெட்டிகளிலே புத்தகங்களை அடுக்கி வைப்பதுண்டு. அப்பெட்டியின் ஒட்டுப்பலகைக்கு நெடிய வரலாறு உண்டு, நேயர்களே!

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பால்டிக் கரையிலுள்ள தாலின் நகரத்து லூதர் ஆலை அப்பலகையைச் செய்து அனுப்பிற்று. இந்தியாவும் இலங்கையும் ஒட்டுப்பலகைக்குப் பெரிதும் அயல்நாடுகளையே நம்பியிருந்தன. 1939-இல் போர் மூண்டது. கப்பல் வரத்துத் தடைப்பட்டது. போர்க்காலத்திலேயே இலங்கை, காலியை அடுத்த கிந்தோட்டையில் அரசாங்க ஆலை ஒன்றை நிறுவிற்று. இந்தியாவில் அசாம் முதலிய இடங்களில் தனியார் ஆலைகள் பெருகின.

இறக்குமதி குறைந்தது, அச்சுமை நம் காடுகளின்மேல் ஏறிற்று. 1996 டிசம்பர் 12-இல், காடுகளில் உரிய அனுமதியின்றி இயங்கிய ஒட்டுப்பலகை ஆலைகளை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அயல்நாட்டுப் பலகையைத் தவிர்ப்பது மட்டும் தன்னிறைவு ஆகாது. வெட்டிய மரத்துக்கு ஈடாக நட்டு வளர்த்த மரமும் வேண்டும்.