அவசரத்துக்குப் பலியான 18 வயது

அமெரிக்க பேஸ்போலில் இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்யும் வழக்கம் 1965இல் தொடங்கியது. 1973இல் முதலாவதாகத் தெரிவானவர் டேவிட் க்ளைட். வயது 18. பாடசாலையின் கடைசி வருடத்தில் 18 போட்டிகளில் வென்று, ஒன்றிலும் தோற்காத இடதுகைப் பந்துவீச்சாளர்.

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு அப்போது ரசிகர் கூட்டம் குறைவு, வருமானமும் குறைவு. கீழ்மட்ட லீக்கில் பழக விடாமல், பாடசாலை முடித்து மூன்று கிழமைக்குள் நேரே பெரிய மைதானத்தில் இறக்கினார்கள். ஜூன் 27, மைதானம் நிரம்பியது. அவரும் வென்றார். பிறகு தோளில் காயம். 1979உடன், 24 வயதில், பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது: 18 வெற்றி, 33 தோல்வி.

திறமையைக் கணித்தவர்கள் பிழைவிடவில்லை. டிக்கட் விற்க அவசரப்பட்டவர்கள்தான் பிழைவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மேடைக்கு மேடை ஏற்றும் நாமும் கொஞ்சம் யோசிப்போமா?